பொட்டு வைத்த மோட்டார்

அந்த மோட்டாரின் நெற்றியில் ஒரு பொட்டு இருந்தது. மோட்டாருக்கு ஏது நெற்றி என்று கேட்பீர்கள். வள்ளத்தின் பின்பக்கம் மாட்டி ஓட்டுகிற மோட்டார் அது. அதன் மேல்மூடி எப்போதோ தொலைந்து போயிருந்தது. என்ஜின் உடம்பில் ஐம்பது சத நாணயம் அளவுக்கு வட்டமான ஒரு சின்னத் தகடு பதிந்திருக்கும். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் கண் முதலில் அங்கேதான் போகும். அந்த வட்டம் நிறையச் சிவப்பு. குங்குமச் சிவப்பு மட்டுமென்றால் பரவாயில்லை, அடியில் கதவு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டின் சிவப்பு, அதன் மேல் காய்ந்து வெடித்த சந்தனம், அதற்கும் மேல் குங்குமம். மற்ற உடம்பெல்லாம் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட். சாக்கிலிருந்து வெளியே எடுத்து மேசையில் வைத்தபோது, கல்யாண வீட்டுக்குப் புறப்பட்டு வந்த யாரோ வழிதவறி எங்கள் கடைக்குள் நுழைந்துவிட்டதுபோல இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது நான் மாத்தளை டவுனில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கிற ஒரு கடையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அந்தக் கடையில் இருந்த ஒரே பெண் நான்தான். உக்குவளையிலிருந்து காலையில் பஸ் ஏறி வந்து, பொழுதுபட வீடு திரும்புவேன். கடை முதலாளி முஸ்லிம். அவருடைய பாட்டனார் காலத்திலிருந்தே டவுனில் வியாபாரம். கடையின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை, அதில் பழுது பார்க்கிற மெக்கானிக், எங்களுக்கெல்லாம் பாஸ். பாஸ் சிங்களவர், ஆனால் எங்களோடு பழகிப் பழகித் தமிழில்தான் கோபப்படுவார். அம்மன் கோயில் தேர் புறப்பட்டால் வடம் பிடிக்க முதல் ஆளாக நிற்பார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் வராத காலம் அது. ஒரு ஸ்பார்க் பிளக் வேண்டுமென்றாலும் நான் கொழும்புக்கு ஒரு கடிதம் தட்ட வேண்டும். அதனால் எனக்கு வேலைக்குக் குறைவில்லை, முதலாளிக்குப் புலம்பலுக்குக் குறைவில்லை.

மோட்டாரைக் கொண்டுவந்தவர் மிஸ்ஸி. மருத்துவிச்சிகளை அப்படித்தான் கூப்பிடுவோம். நாவுலைப் பக்கத்து பஸ்ஸில், ஒரு சாக்கு மூட்டையைக் காலடியில் வைத்துக்கொண்டு வந்திறங்கினார். மூட்டைக்கும் டிக்கெட் எடுக்கச் சொன்ன கண்டக்டரிடம், "அதுக்கு வயசு எத்தனைன்னு தெரியல தம்பி, அரை டிக்கெட்டா முழு டிக்கெட்டா?" என்று கேட்டாராம். கடைக்குள் வந்ததும் அதையேதான் எங்களிடமும் கேட்டார். "இதுக்கு என்ன வயசு, என்ன மொடல்னு கண்டுபுடிச்சுத் தாங்க. மத்தத நான் பாத்துக்கிறேன்." வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, தோல் பை, வெறும் நெற்றி. இருபத்திரண்டு வயதிலேயே புருஷனை இழந்தவர் என்பது எனக்கு முன்பே தெரியும். உக்குவளையில் வேலை பார்த்த காலத்தில் என் தம்பியைக் கையில் ஏந்தியவர் அவர்தான். அப்படியிருந்தும் நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது மிஸ்ஸி எதிரே வந்துவிட்டால், என் அம்மா எங்களைத் திரும்ப வீட்டுக்குள் கூட்டிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்க வைத்துத்தான் அனுப்புவாள். பிள்ளைப்பேற்றுக்கு மட்டும் அந்தச் சகுனம் பார்க்கப்படுவதில்லை.

விஷயம் இதுதான். மிஸ்ஸி இப்போது வேலை பார்த்த இடத்தில் ஒரு பெரிய குளம். குளத்துக்கு அக்கரையில் காட்டை வெட்டி எரித்துச் சேனைப் பயிர் செய்கிற கொஞ்சக் குடும்பங்கள். கரையைச் சுற்றிப் போவதென்றால் காடு, யானை, பாதி நாள். வள்ளத்தில் போனால் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் மழைக்காலத்துக் காற்று எழும்பிவிட்டால் துடுப்புப் போட்டு முன்னேற முடியாது. அந்தக் கரையில் ஒரு பெண் இருந்தாள். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வாழ்க்கைப்பட்டுப் போனவள். முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. இரண்டாவது பிரசவத்தின்போது மிஸ்ஸி வள்ளத்தில்தான் இருந்தார். நடுக்குளத்தில் காற்று பிடித்துத் திருப்பித் திருப்பித் தள்ளியது. போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இப்போது அவளுக்கு மூன்றாவது, மார்கழியில் நாள். "முன்னாலயே வந்து ஆஸ்பத்திரியில இரு புள்ளன்னு தலப்பாடா அடிச்சுக்கிறேன். பயிர யான தின்னா நீங்க சோறு போடுவீங்களான்னு கேக்குறா. கேக்குறதும் ஞாயம்தானே? அதுனால நான் போகணும், இல்ல அவள இக்கரைக்குக் கொண்டு வரணும். துடுப்ப நம்பி இன்னொரு வாட்டி நான் வள்ளத்துல ஏற மாட்டேன்" என்றார். குரலில் அழுகை இல்லை, ஆனால் குடையின் பிடியை விடாமல் முறுக்கிக்கொண்டே இருந்தார்.

மோட்டார் அவருக்குக் கிடைத்ததே ஒரு கதை. இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துத் துரைக்குக் குளத்தில் மீன் பிடிக்கிற பைத்தியம் இருந்தது. அதற்காக வாங்கியதை, சீமைக்குத் திரும்பும்போது தேயிலை ஃபேக்டரியின் மூலையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற மெசினிலிருந்து சாக்குத் தைக்கிற ஊசி வரை எல்லாவற்றுக்கும் ஆயுத பூஜைக்குப் பொட்டு உண்டு. நம் கூரைக்குக் கீழே ஒரு மெசின் மட்டும் மூளி நெற்றியோடு நிற்கலாமா என்று இதற்கும் வைத்தார்கள். வருஷா வருஷம் வெள்ளிப் பெயிண்ட் அடித்து, வருஷா வருஷம் பொட்டு. யாரோ ஒரு பக்திமான், குங்குமம் உதிர்ந்துவிடுகிறதே என்று பெயிண்டாலேயே நிரந்தரப் பொட்டு வைத்துவிட்டார். ஓடாத மோட்டாருக்கு நடந்த இவ்வளவு உபசாரத்தையும் கேள்விப்பட்ட மிஸ்ஸி, ஃபேக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கரைப் பிடித்துப் பேசி அதைக் குளத்துக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார். டீமேக்கரின் மூன்று பிள்ளைகளும் மிஸ்ஸியின் கையில் பிறந்தவர்கள். அவரால் எப்படி மறுக்க முடியும்?

பாஸ் ஒரே நாளில் கோளாற்றைக் கண்டுபிடித்துவிட்டார். கயிற்றைச் சுற்றி இழுத்தால் என்ஜின் உயிரோடுதான் இருந்தது. ஆனால் குளத்துத் தண்ணீரை உறிஞ்சி என்ஜினைக் குளிர வைக்கிற ரப்பர்ச் சக்கரம் ஒன்று உள்ளே உண்டு. அது காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. அது இல்லாமல் ஓட்டினால் நடுக்குளம் போவதற்குள் சூடேறி நின்றுவிடும். நடுக்குளத்தில் நிற்பதற்கா இத்தனை பாடு? கொழும்பில் மோட்டார்ச் சாமான் இறக்குமதி செய்கிற கம்பனிக்கு எழுதினேன். பெட்ரோல் டாங்கியின் மேல், மோட்டாரைத் தயாரித்தவர்களின் பெயர் பாதி தெரிந்தது, அதைக் குறிப்பிட்டேன். பெயர் மட்டும் போதாது, வருஷத்துக்கு வருஷம் சக்கரத்தின் அளவு மாறும், மொடல் நம்பர் வேண்டும் என்று பதில் வந்தது. மோட்டாரை வள்ளத்தில் மாட்டுகிற பிடியில், நம்பர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள்தான் மிச்சம் இருந்தன.

முதலாளிக்கு நம்பரெல்லாம் தேவைப்படவில்லை. அவருடைய இளமைக்காலத்தில் இரண்டாம் உலகச் சண்டை முடிந்து பட்டாளத்துச் சாமான்கள் ஏலம் போனபோது போய் வேடிக்கை பார்த்தவர். அதிலிருந்து ஊரில் எந்தப் பழைய இரும்பைக் கண்டாலும் அது பட்டாளத்துச் சாமான்தான். "இது சண்டக் காலத்து மெசின் புள்ள. கைப்புடியப் பாரு, பாரத்தப் பாரு. பர்மாப் பக்கம் ஆறு தாண்டின மோட்டரு இது" என்று ஆற்றின் அகலம் வரைக்கும் சொன்னார். பாஸ் ஒத்துக்கொள்ளவில்லை. சண்டைக் காலத்து மோட்டாரில் இப்படிப்பட்ட கார்புரேட்டர் வராது, இது பிந்தியது என்று அடித்துச் சொன்னார். பிந்தியது என்றால் எத்தனை வருஷம் பிந்தியது என்று கேட்டால் தலையைச் சொறிவார். வாடிக்கையாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். லொறி டிரைவர்கள், தபால்காரர், எதிர்க்கடைத் தையற்காரர் என்று கடைக்கு வந்தவர்களெல்லாம் அதன் பல்லைப் பிடித்துப் பார்க்காத குறையாக வயது சொல்லிவிட்டுப் போனார்கள். கடை முதலாளியுடையதாயிற்றே, கடைசியில் அவர் சொன்னபடியே எழுதினேன். கம்பனி ஒரு சக்கரம் அனுப்பியது. பாஸ் அதை மாட்டிப் பார்த்தார். தண்டில் அது, அண்ணனின் சட்டையைப் போட்ட தம்பிபோல லொடலொடவென்று ஆடியது.

அடுத்த கடிதத்துக்குக் கம்பனி கண்டிப்பாகப் பதில் எழுதியது. கையிருப்பில் கொஞ்சம்தான் இருக்கிறது, புதிதாக இறக்க அனுமதி கிடைக்காது, ஊகத்துக்கெல்லாம் இனி அனுப்ப மாட்டோம். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. அதற்குள் ஐப்பசி பிறந்து, மாத்தளை மலைகளில் பகலிலேயே மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது. எனக்கு வேலை ஓடவில்லை. டைப்ரைட்டருக்கு முன் உட்கார்ந்தால் பின்னால் கொட்டகையில் அந்த வெள்ளி உடம்பு தெரியும். மழை பெய்கிற சத்தம் கேட்டாலே, பார்த்தறியாத அந்தக் குளமும் பார்த்தறியாத அந்தப் பெண்ணும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். பாஸ் தினமும் மோட்டாரை பெட்ரோலில் கழுவி, கம்பித் தூரிகையால் தேய்த்து நம்பர் தேடினார். வெள்ளிப் பெயிண்ட் போய், அடியில் பச்சை வந்து, அதுவும் போய் அலுமினியம் வந்தது. நம்பர் மட்டும் வரவில்லை.

மிஸ்ஸி மறுபடி வந்தது ஒரு மழை நாளில். குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். நேரே கொட்டகைக்குப் போனார். "ஊசி முனை எடம் விடல மிஸ்ஸி, எல்லாத்தையும் கழுவியாச்சு" என்றார் பாஸ். மிஸ்ஸி பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையைப் புரட்டிப் பார்ப்பதுபோல மோட்டாரை மெதுவாகப் புரட்டிப் பார்த்தார். உடம்பு முழுவதும் தோலுரித்த மாதிரி அலுமினியம். ஓரிடத்தில் மட்டும், ஓரம் கூடக் கலையாமல், வட்டமாக, கனமாக, சிவப்பாகப் பொட்டு.

"இங்க பாத்தீங்களா?" என்று அதன் மேல் விரலை வைத்தார்.

பாஸ் ஓரடி பின்னால் போய்விட்டார். "ஐயோ, அது சாமி பொட்டு மிஸ்ஸி. அதுல கை வைக்க ஏலாது. அம்மன் கோவிச்சுக்குவா." முதலாளி தொண்டையைச் செருமினார். "உங்கட ஆக்கள் பக்தியா வெச்சது. ஒரு முஸ்லிம் கடையில அத அழிச்சாங்கன்னு பேரு வந்தா நல்லாவா ஈக்கி?" இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கும் பதில் தயாராகத்தான் இருந்தது. சின்ன வயதிலிருந்து என் அம்மா சொல்லிச் சொல்லி ஊறிப்போன பதில். "பொட்ட அழிக்கக் கூடாதுங்க மிஸ்ஸி" என்றேன். சொன்ன பிறகுதான், யாரைப் பார்த்து அதைச் சொல்கிறேன் என்பது உறைத்தது. தகரக் கூரையில் மழை சடசடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன் புள்ள? அழிச்சா என்ன ஆகும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. மருந்து குடிக்க மறுக்கிற பெண்ணிடம் காரணம் கேட்பதுபோலக் கேட்டார். "எனக்கு அழிச்சாங்க. லயத்து வாசல்ல ஒக்கார வெச்சு, ஆளுக்கொரு கையப் புடிச்சுக்கிட்டு அழிச்சாங்க. நான் என்ன செத்தா போய்ட்டேன்? அதுக்கு அப்புறம்தான் படிச்சேன். அதுக்கு அப்புறம்தான் உத்தியோகம் பாத்தேன். இந்தச் சுத்துவட்டாரத்துல பொறக்குற புள்ளைங்க மொதல்ல பாக்குற மூஞ்சி இந்த மூஞ்சிதான். எந்தப் புள்ளைக்கும் ஒண்ணும் ஆகல. அங்க ஒருத்தி வயித்தப் புடிச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கா. பெயிண்ட் கரைக்கிற தின்னர் எங்க வெச்சிருக்கீங்க?"

பாஸ்தான் எடுத்துக் கொடுத்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மிஸ்ஸி தன் பையிலிருந்த பஞ்சைக் கிள்ளி நனைத்து, வட்டத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடித்தார். ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு தேய்த்தார். முதலில் குங்குமமும் சந்தனமும் குழம்பி வழிந்தன. பிறகு சிவப்புப் பெயிண்ட் தோல்தோலாக உரிந்தது. அதன் கீழே வெள்ளி, அதன் கீழே மறுபடியும் சிவப்பு. எத்தனை ஆயுத பூஜைகள் அந்தக் குழிக்குள் படிந்து கிடந்தனவோ! பஞ்சு மாற்றி மாற்றித் தேய்த்தார். கடைசியில் வெறும் உலோகம் தெரிந்தபோது, அதில் ஏதோ கீறல்கள் இருந்தன. நான் ஓடிப்போய் விலைப்பலகை எழுதுகிற வெண்கட்டியைக் கொண்டுவந்து அதன் மேல் தேய்த்தேன். மிஸ்ஸி கைவிரலால் துடைத்துவிட்டார். பள்ளங்களில் தங்கிய வெள்ளையில் எழுத்துகளும் எண்களும் வரிசையாக எழுந்து வந்தன. மொடல் ஒரு வரி, அதன் கீழே மோட்டாரின் சொந்த நம்பர் ஒரு வரி. தொலைந்த தகட்டில் இருந்ததையே தயாரித்தவர்கள் இங்கேயும் குத்தி வைத்திருந்தார்கள்.

பாஸ் தலையில் கை வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முதலாளி, "யா அல்லா, பொட்டுக்குள்ளயா ஒளிஞ்சீந்தீச்சு!" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நாங்கள் எல்லோரும் அந்த வட்டத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்திருக்கிறோம். அதைத் தொடாமலிருக்க எங்களுக்குள் ஆளுக்கொரு நல்ல காரணம் இருந்திருக்கிறது. பக்தி, மரியாதை, பழக்கம். மூன்றும் நல்ல குணங்கள்தான், யாரைக் குறை சொல்வது? அன்றைக்கு நான் தட்டிய கடிதத்தைப்போல வேகமாக வேறெந்தக் கடிதத்தையும் தட்டியதில்லை. மிஸ்ஸி பக்கத்தில் நின்று ஒவ்வொரு எண்ணாகப் படித்துச் சொன்னார். தபால்காரரைத் தெருவிலேயே மறித்துக் கையில் கொடுத்தோம்.

கம்பனியின் பதிலோடு சக்கரமும் வந்தது. மோட்டார் சண்டை முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு செய்யப்பட்டதாம். பர்மாவும் இல்லை, ஆறும் இல்லை, பட்டாளமும் இல்லை. அது தன் ஆயுளில் பார்த்ததெல்லாம் ஒரு துரையின் தூண்டிலையும் ஒரு ஃபேக்டரியின் மூலையையும்தான். பாஸ் ஒரு வாரத்துக்கு முதலாளியைக் காணும்போதெல்லாம் பட்டாளத்துச் சல்யூட் அடித்தார். முதலாளியும் விடவில்லை, நம்பரைப் பிற்காலத்தில் யாரோ குத்தியிருக்கலாம் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். சக்கரம் தண்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு பீப்பாயில் தண்ணீர் நிரப்பி, மோட்டாரை அதன் விளிம்பில் மாட்டி, பாஸ் கயிற்றை இழுத்தார். உறுமிக்கொண்டு எழும்பியது. பீப்பாய்த் தண்ணீர் பாதி எங்கள் மேல். கழிவுத் துளையில் தண்ணீர் பீய்ச்சி அடிக்க, "மூத்திரம் போகுது, மூத்திரம் போகுது! புள்ள பொழச்சிடுச்சு!" என்று மிஸ்ஸி கையைத் தட்டினார். அந்த அளவு வாய்விட்டு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். வாடிக்கையாளர் ஒருவர் உள்ளே வந்து, நனைந்து நிற்கிற எங்கள் எல்லோரையும் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மார்கழி முழுவதும் மழை. செய்தி ஒன்றும் இல்லை. நாவுலை பஸ் வரும்போதெல்லாம் நானும் பாஸும் வேலை இருப்பதுபோல வாசலுக்கு வருவோம். முதலாளி, "அங்கெ என்னா பாக்கிற?" என்று கேட்டுக்கொண்டே தானும் வந்து நிற்பார். தை பிறந்து வெயில் வந்த பிறகு ஒருநாள் மிஸ்ஸி இறங்கினார், மறுபடியும் ஒரு சாக்கு மூட்டையோடு. மோட்டாரைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாரோ என்று பயந்தேன். மூட்டைக்குள் சோளக் கதிர்கள். "அந்தப் புள்ளையோட சேனையில வெளைஞ்சது. உங்களுக்குக் குடுக்கச் சொன்னா. பொட்டப் புள்ள. என்னா கத்து கத்துது தெரியுமா!" காற்றுள்ள நாளில்தான் வலி வந்ததாம். மிஸ்ஸி போய் அவளை வள்ளத்தில் ஏற்றி இக்கரைக்குக் கொண்டுவந்தாராம். நடுக்குளத்தைத் தாண்டும்போது அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு, தண்ணீரைப் பார்க்க மாட்டேன் என்றாளாம். பார்க்காதே, சத்தத்தை மட்டும் கேள், நின்றால் சொல்லு என்றாராம் மிஸ்ஸி. மோட்டார் நிற்கவே இல்லை. முதலாளி தேத்தண்ணி வரவழைத்தார். பாஸ் சோளக் கதிர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு மிஸ்ஸி மோட்டாரைச் சர்வீஸுக்குக் கொண்டுவந்திருந்தார். முதலாளிக்கு அந்தப் பூஜையில் பங்கில்லை என்றாலும் பழமும் கடலையும் வாங்கக் காசு கொடுத்துவிட்டு, முடிகிறவரை கல்லாவில் அமைதியாக உட்கார்ந்திருப்பார். நான் டைப்ரைட்டருக்கு வைத்தேன், பாஸ் தன் ஸ்பானர்களுக்கு வைத்தார். மோட்டாரிடம் வந்தபோது குங்குமத் தட்டோடு நின்றேன். பிறகு தட்டை மிஸ்ஸியிடம் நீட்டினேன். அவர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார். விரலில் தொட்டு, அந்த வட்டத்துக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி, ஒரு பொட்டு வைத்தார். "நம்பர் மேல வைக்காதீங்க. பக்கத்துல வைங்க" என்றார். விரலில் மிச்சக் குங்குமம் இருந்தது. சாமிக்கு வைத்த விரலை நாமெல்லாம் பழக்கத்தில் அடுத்து எங்கே கொண்டுபோவோம்? அவர் கை பாதி தூரம் எழும்பி நின்றது. அந்தக் கணம் எனக்குத் தாங்கவில்லை. நான் அவர் விரலைப் பிடித்து அவர் நெற்றியிலேயே வைத்துவிட்டேன். மிஸ்ஸி அதைத் துடைக்காமலே பஸ் ஏறிப் போனார்.

பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். மிஸ்ஸி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அந்த மோட்டாரைப் பற்றிக் கேட்டறிய இன்று யாருமில்லை. என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறினார். காரியத்தன்று சொந்தக்காரப் பெண்கள் இரண்டு பேர் தயக்கத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். எதற்கென்று எனக்குத் தெரியும். "அழிச்சா என்ன ஆகும், அழிக்கலன்னா என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். எழுந்து போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தார்கள்.

இந்த வருஷம் என் மகன் ஒரு திரீவீலர் வாங்கியிருக்கிறான். ஆயுத பூஜைக்குக் கழுவித் துடைத்து மாலை போட்டு வாசலில் நிறுத்தியிருந்தான். குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு நான் முன்னால் போனபோது அடுத்த வீட்டுப் பெண் பதறிப்போய், "அக்கா, நீங்களா வைக்கப் போறீங்க?" என்றாள்.

"பயப்படாதீங்க தங்கச்சி, நம்பர் மேல வைக்க மாட்டேன்" என்றேன்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. நம்பர் தகட்டுக்குப் பக்கத்தில், சற்றுத் தள்ளி ஒரு பொட்டு வைத்தேன். விரலில் மிச்சமிருந்ததை என் நெற்றியில் வைத்துக்கொண்டு, வண்டியை எடுக்கச் சொன்னேன்.